விலையையும் நிறுத்துப் பாருங்கள்



சாமான் விலையைப் பற்றிக் குறைப்படாத வீடு நம்மிடையே இல்லை. கடைக்காரரைக் குறை சொல்கிறோம். அரசைக் குறை சொல்கிறோம். அதில் நியாயமும் உண்டு. ஆனால், குறை சொல்லி முடித்த பின்பும் உலையில் அரிசி போட்டாக வேண்டும். விலையைத் தீர்மானிப்பது நம் கையில் இல்லை. எதை, எங்கே, எப்போது, எவ்வளவு வாங்குவது என்பது ஓரளவுக்கேனும் நம் கையில் இருக்கிறது. அதைப் பற்றியதே இந்தப் பாடம்.

கசப்பான ஓர் உண்மையிலிருந்து தொடங்குவோம். வசதியுள்ளவர் அரிசியை மூடையாக வாங்குகிறார். அன்றன்று உழைத்து உண்பவர் ஒரு கிலோ, அரைக் கிலோ என்று வாங்குகிறார். தேயிலையும் தூளும் அவருக்குச் சின்னப் பைக்கற்றில்தான். கிலோக் கணக்கில் பார்த்தால் பெரும்பாலும் கூடிய விலை கொடுப்பவர் இந்த இரண்டாமவரே. அதையும் கடனுக்கு வாங்கினால், மலிவான கடையைத் தேடிப் போகும் சுதந்திரமும் போய்விடுகிறது. கடன்கொப்பி இருக்கும் கடைதான் அவருடைய கடை. இல்லாதவரிடமிருந்தே கூடுதலாகப் போகிறது. இந்தக் கட்டை ஒரே நாளில் அவிழ்க்க முடியாது. சிறுகச் சிறுக அவிழ்க்கலாம்.

1. பைக்கற்றின் விலையும் அளவின் விலையும்

கடையில் நாம் பார்ப்பது பைக்கற்றின் விலையை. பார்க்க வேண்டியது நூறு கிராமின் விலையை. கணக்குக்காக ஓர் உதாரணம் எடுப்போம். 50 கிராம் தேயிலை 130 ரூபா, 200 கிராம் தேயிலை 460 ரூபா என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில் நூறு கிராம் 260 ரூபா. இரண்டாவதில் 230 ரூபா. சின்னப் பைக்கற்றையே நான்கு தடவை வாங்கினால் 60 ரூபா நட்டம்.

ஆனால், பெரியது எப்போதும் மலிவு என்று நம்பிவிடவும் கூடாது. 400 கிராம் பால்மா 1,000 ரூபாவும், ஒரு கிலோ 2,600 ரூபாவும் என்றால், நூறு கிராமுக்குச் சின்னதில் 250, பெரியதில் 260. இங்கே சின்னதே மலிவு. பிரித்துப் பார்க்காமல் இதை அறிய முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். விலை ஏறாமல் நிறை குறைவதும் விலையேற்றமே. 180 ரூபாவுக்கு 100 கிராம் இருந்த பிஸ்கற் பைக்கற்றில் இப்போது 90 கிராம்தான் என்றால், கிராம் ஒன்று 1 ரூபா 80 சதத்திலிருந்து 2 ரூபாவுக்கு ஏறிவிட்டது. பாணுக்கும் இதே கணக்குத்தான். நாம் இன்னும் 'ஒரு றாத்தல் பாண்' என்றே கேட்கிறோம். அதன் நிறை 450 கிராம் என்று 2024 இல் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. வாங்கும் பாணை ஒரு நாளைக்கு நிறுத்துப் பார்ப்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

2. சந்தை விலையும் சட்டி விலையும்

சந்தையில் கொடுக்கும் விலை வேறு. சட்டிக்குள் போகும் உணவின் விலை வேறு. ஒரு கிலோ மீன் 1,200 ரூபா. வெட்டித் துப்புரவாக்கினால் 600 கிராம் தேறுகிறது. மற்றொரு மீன் 1,600 ரூபா. அதில் தேறுவது 800 கிராம். இரண்டிலும் சட்டிக்குப் போகும் கிலோவின் விலை 2,000 ரூபாதான். தலையையும் முள்ளையும் கூழுக்கோ சொதிக்கோ எடுக்கத் தெரிந்த வீட்டில் முதலாவது மீனே இலாபம். கல்லும் குறுநெல்லும் கலந்த மலிவு அரிசியையும், பால் வற்றிய சிறு தேங்காயையும் இப்படியே எண்ணிப் பாருங்கள்.

போக்குவரத்தையும் மறக்க வேண்டாம். சுன்னாகம் சந்தையிலோ திருநெல்வேலிச் சந்தையிலோ 60 ரூபா மிச்சம் பிடிப்பதற்கு 80 ரூபா பஸ்ஸுக்குக் கொடுத்தால் அது சிக்கனம் ஆகாது. ஒரே பயணத்தில் பத்துச் சாமான் வாங்கினால் அப்போது கணக்குச் சரிவரும்.

3. விலைக் கொப்பி

பிள்ளைகளின் பழைய கொப்பியில் வெறுமையான தாள்கள் இருக்கும். அதை எடுங்கள். வீட்டில் வழமையாக வாங்கும் பதினைந்து சாமான்களை மட்டும் எழுதுங்கள்: அரிசி, கோதுமை மா, மைசூர்ப் பருப்பு, சீனி, உப்பு, தேங்காய், எண்ணெய், செத்தல் மிளகாய், மல்லி, வெங்காயம், உருளைக்கிழங்கு, தேயிலை, பால்மா, சவர்க்காரம், நெருப்புப்பெட்டி. ஒவ்வொன்றுக்கும் திகதி, கடை, நிறை, விலை ஆகியவற்றைக் குறியுங்கள். சங்கக்கடை, சதொச, சந்தை, ஒழுங்கை முனைக் கடை என்று ஒரே சாமானுக்குப் பல விலைகள் இருப்பதை இரண்டு மாதத்தில் காண்பீர்கள். 'மலிவு விற்பனை' என்ற பலகை உண்மையா என்பதையும் அந்தக் கொப்பியே சொல்லும்.

வியாபாரி விலையைப் பார்வைக்கு வைக்க வேண்டும், கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்று 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் கூறுகிறது. ஆகவே, பற்றுச்சீட்டுக் கேட்பது கடைக்காரரை அவமதிப்பதாகாது. கொப்பியில் எழுதும் வேலையைப் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் கொடுங்கள். பின்னக் கணக்குக்கு இதைவிட நல்ல பாடசாலை கிடையாது.

4. கையிருப்பு எவ்வளவு?

கையிருப்பு ஏன் வேண்டும் என்று நம் மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1990 க்குப் பிந்திய பொருளாதாரத் தடையை வடபகுதிக் குடும்பங்கள் மறக்கவில்லை. 2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டபின் குடாநாட்டில் நின்ற வரிசைகளையும் மறக்கவில்லை. 2022 செப்ரெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவின் விலை ஒரு வருடத்துக்கு முன் இருந்ததிலும் ஏறத்தாழ 95 வீதம் உயர்ந்திருந்தது. அத்தகைய காலங்களில் வீட்டில் முதலில் குறைவது அம்மாவின் கோப்பையில் உள்ள சோறுதான். அவர் அதைச் சொல்லமாட்டார், பிள்ளைகளும் கவனிக்கமாட்டார்கள். கையிருப்பு என்பது அவருடைய பங்கையும் காப்பது.

முதலில் உங்கள் வீட்டின் அளவை அறியுங்கள். அரிசிப் பையைத் திறந்த நாளையும், அது முடிந்த நாளையும் குறித்தால் போதும். ஒரு குடும்பத்துக்கு நாளொன்றுக்கு ஒன்றேகால் கிலோ என்றால், வாரத்துக்கு 8¾ கிலோ. இதை ஒரே தடவையில் மேலதிகமாக வாங்கப் பணம் இராது. வாரந்தோறும் தேவைக்கு மேல் ஒரே ஒரு கிலோ வாங்கி வையுங்கள். ஒன்பதாவது வாரத்தில் ஒரு வாரத்துக்குரிய அரிசி கையிருப்பில் இருக்கும். அதன்பின் பருப்புக்கு வாருங்கள், பிறகு சீனிக்கு. ஒரு நேரத்தில் ஒரு சாமான் என்பதே விதி. நம் பாட்டிமார் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைத்த பிடியரிசி வழக்கமும் இந்த அறிவே.

நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு மூடை அரிசி வாங்கிப் பங்கிட்டால், மூடை விலையின் இலாபம் கூலித் தொழிலாளிக்கும் கிடைக்கும். நிறுப்பதும் பணம் சேர்ப்பதும் எல்லார் முன்னிலையிலும் நடக்கட்டும்; மனத்தாங்கல் வராது.

காலத்தையும் பாருங்கள். காலபோக நெல் அறுவடையாகிச் சந்தைக்கு வரும் மாசி, பங்குனி மாதங்கள் அரிசி வாங்க ஏற்றவை. புதுப் புளியைக் கொட்டை நீக்கி, உப்புச் சேர்த்துப் பானையில் அடைத்தால் வருடம் முழுவதற்கும் உதவும். கிழங்கு கிண்டும் காலத்தில் காயவைத்த ஒடியலும் புழுக்கொடியலும் நம் மண்ணே தரும் கையிருப்பு.

5. கெடாமல் காப்பது

கெட்டுப்போய் எறிந்த சாமானே ஆகவும் விலை கூடிய சாமான். அரிசியை நன்றாக உலர்த்தி, காய்ந்த வேப்பிலை அல்லது செத்தல் மிளகாய் இட்டு, இறுக மூடும் தகரத்தில் வையுங்கள். தவிட்டரிசி விரைவில் சிக்கு மணம் பிடிக்கும். அதைக் கொஞ்சமாக வாங்குங்கள். ரவையை இலேசாக வறுத்து, ஆறவிட்டுப் போத்தலில் அடையுங்கள். மாரி காலத்தில் மாவை அதிகம் சேர்க்க வேண்டாம். வெங்காயத்தைக் காற்றோட்டமாகத் தூக்கி வையுங்கள். உருளைக்கிழங்கை அதனுடன் சேர்க்காமல் இருட்டில் வையுங்கள். எதையும் நிலத்தோடு ஒட்டி வையாமல் பலகையில் வையுங்கள். புதியதைப் பின்னாலும் பழையதை முன்னாலும் வைத்து, முந்தி வந்ததை முந்தி எடுங்கள்.

6. சேமிப்பு வேறு, பதுக்கல் வேறு

நம் வீட்டு வாய்களுக்கு வேண்டியதை, கடை நிறைந்திருக்கும் நாளில் சிறுகச் சேர்ப்பது சேமிப்பு. தட்டுப்பாடு என்று கேள்விப்பட்டவுடன் ஓடிப்போய் இருப்பதையெல்லாம் அள்ளுவது பதுக்கல். அள்ளியவருக்குப் பின்னால் வரிசையில் நின்றவர் வெறும் பையோடு திரும்புகிறார். முன்னரே சேமித்தவருக்கு அந்த நாளில் வரிசையில் நிற்கத் தேவையில்லை. அவர் விட்ட இடம் இல்லாதவருக்குக் கிடைக்கிறது. அயல்வீட்டு அடுப்பு எரியாத நாளில் ஒரு சுண்டு அரிசி எடுத்துக் கொடுக்கவும் அவரால் இயலும்.

இந்த வாரம் குடும்பமாகச் செய்யுங்கள்

• கொப்பியைத் தொடங்கி, பதினைந்து சாமான்களின் நூறு கிராம் விலையை எழுதுங்கள்.

• நம் வீட்டில் ஒரு நாளைக்கு எவ்வளவு அரிசி? ஒவ்வொருவரும் ஊகித்துச் சொல்லுங்கள். பின் நிறுத்துப் பாருங்கள்.

• சென்ற மாதம் கெட்டு எறிந்தவை எவை? அவற்றின் விலையைக் கூட்டுங்கள்.

• கடையில் கடன் இருந்தால் அதன் தொகையைக் கணவனும் மனைவியும் சேர்ந்து பாருங்கள். வாரம் எவ்வளவு குறைக்கலாம் என்று தீர்மானியுங்கள்.

• கடைசியாக ஒரு கேள்வி. நம் வீட்டில் எல்லாருக்கும் பிறகு சாப்பிடுபவர் யார்? அவருக்கு என்ன மிஞ்சுகிறது? விடையைச் சொல்லிவிட வேண்டாம். இன்றிரவு சட்டியை எட்டிப் பாருங்கள்.