ஓய்வு பெற்ற பிறகு

மைசூருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. 'ஓய்வூதியக்காரர்களின் சொர்க்கம்' என்பார்கள். அகலமான தெருக்கள். நிறையப் பூங்காக்கள். மாலையில் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் பெரியவர்கள் பலர் நடந்துகொண்டு இருப்பார்கள்.

ஆனால், ஓய்வு பெற்ற எல்லோரும் ஏரிக்கரைக்கு வருவது இல்லை. சிலர் வீட்டோடு முடங்கிவிடுகிறார்கள். ஏன்?

அசோகபுரத்தில் ரயில்வே பணிமனை இருக்கிறது. அங்கே ஒருவர் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தார் என்று வைத்துக்கொள்வோம். 60 வயதில் ஓய்வு. மாலை போட்டு அனுப்பினார்கள். முதல் மாதம் நிம்மதியாகத் தூங்கினார். பிறகு? விடியும் முன்பே விழிப்பு வந்தது. போவதற்கு இடம் இல்லை. சேர்ந்து டீ குடிக்க ஆள் இல்லை. வேலை சம்பளத்தை மட்டுமா தருகிறது? நட்பையும் மதிப்பையும் தருகிறது. அவருக்கு எல்லாம் ஒரே நாளில் போயிற்று. (மனைவிக்கு மட்டும் ஓய்வு இல்லை. பகலில் கூடுதலாக ஒருவருக்குச் சமையல்!)

நாலு மாதம் கழிந்தது. சாப்பாடு குறைந்தது. பேச்சும் குறைந்தது. கால் வலி, வயிற்று வலி என்றார். பரிசோதனையில் ஒன்றும் இல்லை.

"அப்பாவுக்கு வயசாயிடுச்சும்மா" என்றான் மகன்.

"போன பொங்கலுக்கு இப்படி இல்லையேப்பா" என்றாள் தாய்.

தாய் சொன்னதுதான் சரி. இது முதுமை அல்ல. மனச்சோர்வு என்னும் நோய். வருத்தம் எல்லோருக்கும் வரும், போகும். ஆனால் இரண்டு வாரமாக மனம் வாடியே இருக்கிறது, எதிலும் விருப்பம் இல்லை, தூக்கமும் பசியும் கெட்டுவிட்டன என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வயதானவர்களுக்கு இந்த நோய் உடம்பு வலியாகவும் மறதியாகவும் வரும். அதனால் வீட்டார் ஏமாந்துவிடுகிறார்கள். தைராய்டு கோளாறாலும் சோர்வு வரலாம். அதையும் மருத்துவர் பார்ப்பார்.

"இருந்து என்ன பயன்?" என்று ஒருவர் சொன்னால் அன்றைக்கே அழைத்துப் போக வேண்டும். தனியாக விடக் கூடாது.

மைசூர் கே.ஆர். மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம். மத்திய அரசு 2022இல் தொடங்கிய சேவை இது. இரவிலும் பேசலாம். தமிழிலும் பேசலாம், கன்னடத்திலும் பேசலாம்.

மருத்துவர் அவருக்கு மாத்திரை கொடுத்தார். "பலன் தெரிய இரண்டு, மூன்று வாரம் ஆகும். நீங்களாக நிறுத்தாதீர்கள்" என்றார். மனம்விட்டுப் பேசவும் வைத்தார்.

ஒரு நாள் காலை, பழைய கூட்டாளி ஒருவர் கதவைத் தட்டினார். "வாங்க அண்ணே, ஏரிப் பக்கம் போவோம்" என்றார். முதல் நாள் டீக்கடை வரைதான் போனார்கள். மறுநாளும் அவர் வந்து கதவைத் தட்டினார்.