அடைக்கலமாய்ப் பெற்ற ஆட்சி

அதிகாரத்தைப் பெறுதல் அரிது. பெற்ற அதிகாரத்தை உரிய காலத்தில் மீள ஒப்படைத்தல் அதனினும் அரிது. பிறர் நம்பி விட்டுச் சென்ற பொருளை அடைக்கலப் பொருள் என்பர். அதனைக் காப்பவர் தமதெனக் கருதார். உரியவர் வந்தபொழுது திருப்பித் தருவர். ஒரு நாட்டின் ஆட்சியையே அங்ஙனம் காத்துத் தந்தவர் கேத்தரின் சாம்பா-பான்சா அம்மையார்.

ஆப்பிரிக்காக் கண்டத்தின் நடுவே, கடற்கரையின்றி அமைந்தது மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு. உபாங்கி ஆற்றங்கரையிலுள்ள பாங்கி அதன் தலைநகர். 1960ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஆட்சியினின்றும் விடுதலை பெற்ற அந்நாட்டில் பொன்னும் வைரமும் உண்டு, அமைதிதான் நிலைக்கவில்லை. 2013ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் செலேக்கா என்னும் கிளர்ச்சிப்படை தலைநகரைக் கைப்பற்றியது. அதனுள் முஸ்லிம்கள் மிக்கிருந்தனர். அதனை எதிர்த்தெழுந்த ஆன்டி-பலாக்கா குழுவினருள் கிறித்தவர் மிக்கிருந்தனர். அண்டை அயலாராய் வாழ்ந்த மக்கள் ஒருவரையொருவர் அஞ்சி ஓடினர். ஒன்பது இலட்சத்திற்கு மேற்பட்டோர் இருப்பிடம் இழந்தனர். பாங்கி விமான நிலையத்தருகே மட்டும் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் தஞ்சம் புகுந்தனர்.

ஆட்சியைக் கைப்பற்றியிருந்த கிளர்ச்சித் தலைவர் 2014 ஜனவரி 10ஆம் நாள் பதவி துறந்தார். இடைக்கால நாடாளுமன்றம் அம்மாதம் 20ஆம் நாள் புதிய தலைவரைத் தேர்ந்தது. சாம்பா-பான்சா 75 வாக்குகளும், அவரை எதிர்த்தவர் 53 வாக்குகளும் பெற்றனர். 1954ஆம் ஆண்டில் பிறந்த அம்மையார் சட்டம் பயின்றவர்; அப்பொழுது பாங்கி நகரின் மேயராய் இருந்தார். போரிட்ட இருதிறத்தாருள் எத்திறத்தையும் சாராதவர் என்பதே அவர்தம் பெருந்தகுதி. அந்நாட்டின் முதற்பெண் குடியரசுத் தலைவரும் அவரே.

தேர்வு பெற்றவுடன், இருதிறத்தாரையும் தம் மக்களென விளித்து, படைக்கலங்களைக் கீழே வைக்குமாறு வேண்டினார். ஒரு தரப்பை மட்டும் பகைவரெனச் சுட்டினாரல்லர். எனினும் வேண்டுகோள் ஒன்றினால் வெஞ்சினம் தணியுமோ? அவர் ஆட்சியிலும் கொலைகள் தொடர்ந்தன. முஸ்லிம்கள் பல்லாயிரவர் சாடு, கேமரூன் முதலிய அயல்நாடுகளுக்கு ஓடினர். 2015 செப்டம்பரில் தலைநகரில் மீண்டும் கலகம் மூண்டது. தேர்தலும் பலமுறை தள்ளிப்போயிற்று.

ஆயினும் அம்மையார் தளர்ந்திலர். 2015 மே மாதத்தில் பல தரப்பினரும் பாங்கியில் ஒரு பேரவையாய்க் கூடினர். படைக்கலம் துறத்தற்கும், போர்ப்படைகளிற் சேர்க்கப்பட்டிருந்த சிறுவரை விடுவித்தற்கும் ஆயுதக் குழுக்கள் ஒப்பமிட்டன. கொடுங்குற்றங்களை ஆராயத் தனிக் குற்றவியல் நீதிமன்றம் ஒன்றை நிறுவும் சட்டமும் அவ்வாண்டில் இயற்றப்பெற்றது. டிசம்பரில் புதிய அரசியலமைப்பை மக்கள் வாக்களித்து ஏற்றனர். பின்னர்த் தேர்தல் நிகழ்ந்தது.

இடைக்காலத் தலைவர் அத்தேர்தலில் நிற்றலாகாது என்பது விதி. நாட்டின் குழப்பத்தைக் காட்டி விதியை மாற்றிப் பதவியில் நீடித்த ஆட்சியாளர் உலகில் பலர். அம்மையார் அதனைச் செய்திலர். மக்கள் தேர்ந்த பாஸ்டின்-ஆர்க்காஞ்சு துவாதேரா 2016 மார்ச்சு 30ஆம் நாள் பதவியேற்றார், அம்மையார் விலகினார். 2020ஆம் ஆண்டுத் தேர்தலில் ஏனையோரைப் போலத் தாமும் ஒரு வேட்பாளராய் நின்று தோல்வியுற்றார்.

அவர் நாட்டின் துயரெலாம் தீர்த்தாரல்லர். பூசல் அவருக்குப் பின்னும் ஓயவில்லை. ஆனால், படைவலியால் பறிக்கப்பட்ட ஆட்சியுரிமை வாக்குச்சீட்டின் வழியே மக்களிடம் மீண்டது. பொறுப்பை ஏற்போர் எவரும், வகுப்புத் தலைவராய் நிற்கும் மாணவர் உட்பட, அது தமக்குரிய உடைமையன்று, பிறர் தம்மிடம் நம்பி வைத்த பொருள் என்பதை உளங்கொள்ளுதல் வேண்டும்.