பாவனைப் போர்ப் பயிற்சியில் கணிப்பொறி முகவர்கள்

போர்க்களம் செல்லாமலேயே படை அதிகாரிகளுக்குப் போர்ப் பயிற்சி அளிக்கும் முறை புதியதன்று. வரைபடத்தின் மீது நடத்தும் பாவனைப் போர் முறையொன்றைப் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824-இல் வகுத்தளித்தார். இரு தரப்பினருக்கும் இடையே நடுவர் ஒருவர் இருப்பார். எத்தரப்பின் பார்வைக்கு எது புலப்படும், தாக்குதலால் விளையும் இழப்பு எவ்வளவு என்பனவற்றை அவரே அறிவிப்பார். இன்றைய கணிப்பொறிப் பயிற்சிகளில் இப்பொறுப்பை வகிப்போர் கட்டுப்பாட்டாளர்கள் எனப்படுவர்.

அமெரிக்காவின் டார்பா நிறுவனம் 1983-இல் தொடங்கிய ‘சிம்நெட்’ திட்டம், டாங்கிப் படையினருக்கான பாவனைப் பயிற்சிக் கருவிகளைக் கணிப்பொறி வலையால் ஒன்றிணைத்தது. பயிற்சிக் களம் விரிந்தபோது, எதிரிப் படையையும் துணைப் படைகளையும் இயக்குவதற்குப் பலர் தேவைப்பட்டனர். ஒருவரே பல வாகனங்களை இயக்க உதவும் பகுதித் தானியக்க முறை உருவாயிற்று. ஆயினும் எதிர்பாராத நிலை ஏற்படும்போதெல்லாம் அவரே தலையிட வேண்டியிருந்தது. பயிற்சி பெறுவோரைக் கவனிக்க வேண்டிய கண்கள் இயந்திரத்தின் மீதே நிலைத்தன.

இக்குறையைக் களைய முற்பட்டவையே அறிவார்ந்த மென்பொருள் முகவர்கள். முகவர் என்பது, தனக்கு இடப்பட்ட பணியைச் சிறு குறிக்கோள்களாகப் பகுத்து, சூழ்நிலைக்கேற்பத் தானே முடிவெடுக்கும் நிரலாகும். ‘டாக்ஏர்-சோர்’ என்னும் மென்பொருள் இதற்குத் தக்க சான்று. போர் விமானிகளின் அறிவு, “இந்நிலை நேர்ந்தால் இதனைச் செய்க” என்னும் வடிவில் 5,200-க்கும் மேற்பட்ட விதிகளாக இதில் அமைக்கப்பட்டது. 1997 அக்டோபரில் நடைபெற்ற ‘ஸ்டோ-97’ பயிற்சியில், 48 மணி நேரத்திற்குத் திட்டமிடப்பட்ட 722 விமானப் பறப்புகளை இம்முகவர்களே ஏற்றன.

முகவருக்கு எதனை அறியத் தருகிறோம் என்பது மிக முக்கியமானது. கணிப்பொறி களம் முழுவதையும் அறியும். விமானியோ தன் ராடாரில் தெரிவதை மட்டுமே அறிவார். முகவரும் அவ்வெல்லைக்குள் இயங்கினாலன்றிப் பயிற்சி மெய்ம்மையாகாது. மேலும், முகவர் தவறாக நடந்தால் பயிற்சியாளர் தவறான பாடத்தையே கற்பார். அப்பாடத்தின் விலை மெய்யான போரில் உயிர்களாக அமையக்கூடும். ஆகவே, தான் எடுத்த முடிவின் காரணத்தை விளக்கும் திறனும் முகவருக்கு வேண்டும். கட்டுப்பாட்டாளர் அதனை ஆராய்ந்து, தேவையெனில் திருத்த இயல வேண்டும்.

முகவர் கட்டுப்பாட்டாளரின் சுமையைக் குறைக்கும். ஆனால் பொறுப்பை ஏற்காது. 1824-இன் நடுவருக்குரிய இடம் இன்றும் மனிதருக்கே உரியது.