இருதய நோயைத் தடுக்கும் வாழ்க்கை நெறி

பழைய மாணவர் ஒன்றுகூடும் வேளைகளில், இளமையில் விசாரிக்கப்படுவது உத்தியோகம். வயது ஏறியபின் விசாரிக்கப்படுவது தேகசுகம். ஐம்பதைக் கடக்குமுன்னரே மாரடைப்பால் வீழ்ந்த வகுப்புத்தோழர் ஒருவரையேனும் நினைந்து வருந்தாத கூட்டம் அரிது. அந்நோயை வாராது தடுத்தல் கூடுமா என்னும் வினாவிற்கு ஆராய்ச்சியாளர் கண்ட விடையை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவாம்.

இருதயத் தசைக்கு இரத்தத்தைக் கொண்டு செல்வன முடியுரு நாடிகள். அவற்றின் உட்சுவரிற் கொழுப்புப் படிந்து வழி குறுகுகின்றது. ஒருநாள் அவ்விடத்தில் இரத்தம் உறைந்து வழியை அடைத்துவிட, மாரடைப்பு நேர்கின்றது. அடைப்பு நேர்வது சில நிமிடங்களில். படிவு வளர்வதோ பல்லாண்டுகளில். தடுப்பதற்கு இடமிருப்பது அப்பல்லாண்டுகளிலேயாம். 1948 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிறேமிங்காம் நகரிலே 5,209 ஆண் பெண்களைத் தொடர்ந்து கவனிக்கும் ஆராய்ச்சி ஆரம்பமாயிற்று. இரத்த அமுக்கமும் இரத்தத்திற் கொலஸ்திரோலும் மிகுந்தவரை இந்நோய் அதிகம் பற்றுகின்றதென 1961 இல் அவ்வாராய்ச்சியாளர் வெளியிட்டனர். முதுமையின் இயல்பெனக் கருதப்பட்ட நோய்க்குக் காரணங்கள் உண்டென்பது இவ்வாறு தெளிவாயிற்று.

உடலுழைப்பின் பெருமையை விளக்கியது இலண்டன் மாநகரத்து ஆராய்ச்சியாகும். அங்கு ஓடிய இரட்டைத்தட்டு பஸ் வண்டிகளில் இருவர் தொழில் புரிந்தனர். சாரதி நாள் முழுதும் இருக்கையில் அமர்ந்திருந்தார். நடத்துநரோ பயணச்சீட்டுக் கொடுப்பதற்காக நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் வரை ஏறினார். இருவரும் ஒரே நகரத்தவர். ஒரே வண்டியில் உழைத்தவர். ஆயினும் நடத்துநர்களை இருதய நோய் குறைவாகவே பற்றியது. பற்றியபோதும் வயது சென்றே வந்தது. ஜெறமி மொறிஸ் என்னும் வைத்தியரும் அவர்தம் சகாக்களும் 1953 இல் இதனை வெளியிட்டனர்.

வீதி நெரிசலில் வண்டியோட்டும் மனக்கவலையே சாரதிகளின் நோய்க்குக் காரணமாகலாமன்றோ? இவ்வையத்தைத் தீர்க்கத் தபாற்சேவகரையும் அலுவலகத்தில் அமர்ந்து எழுதுவோரையும் ஒப்பிட்டனர். நடந்து தபால் கொடுத்தவர்க்கே நோய் குறைந்திருந்தது. பருத்த உடலினரே சாரதிகளாகச் சேர்ந்தனரோ என ஐயுற்று, சீருடைகளின் இடுப்பளவையும் எடுத்து நோக்கினர். சாரதிகளின் இடுப்பளவு மிகுந்திருந்தது மெய்யே. ஆயினும் மெலிந்தோர், நடுத்தரத்தோர், பருத்தோர் எனப் பிரித்து நோக்கியபோதும் நடத்துநர்களே மேம்பட்டு நின்றனர். தம் முடிவைத் தாமே ஐயுற்றுச் சோதித்த இந்நேர்மை மாணவர்க்கு நல்ல பாடமாகும்.

காரணம் அறிந்தாற் போதுமா? மக்கள் தம் பழக்கத்தை மாற்றுவரா? இதற்கு விடை பின்லாந்து தேசத்தின் வட கரேலியா மாகாணத்திற் கிடைத்தது. வெண்ணெயும் கொழுப்பு நீக்காத பாலும் உப்பும் அங்கு உணவில் மிகுந்திருந்தன. ஆடவருட் பலர் புகைபிடித்தனர். நடுத்தர வயதிலேயே இறந்தோர் பலர். 1972 இல் பெக்கா புஸ்கா என்னும் இளம் வைத்தியரின் தலைமையில் முயற்சி தொடங்கிற்று. அறிவுரை கூறுவதுடன் அவர்கள் அமையவில்லை. இல்லத்தரசியர் சங்கங்கள் சமையல் முறையை மாற்றின. உணவு உற்பத்தியாளர் கொழுப்பையும் உப்பையும் குறைத்தனர். ஏறக்குறைய 40 ஆண்டுகளில், உழைக்கும் வயதினரான ஆடவரிடையே இந்நோயால் நேரும் மரணம் நூற்றுக்கு எண்பதிற்கு மேலாகக் குறைந்தது. புதிய சிகிச்சைகளும் உதவினவெனினும், பெரும்பகுதி வாழ்க்கை மாற்றத்தின் பயனேயாம்.

இவை குளிர்நாட்டுச் செய்திகள். நமக்கு என்னவென்று கேட்போர் இருக்கலாம். 2004 இல் வெளியான இன்ரர்ஹார்ட் ஆராய்ச்சி 52 நாடுகளில் நடைபெற்றது. இலங்கையும் அவற்றுள் ஒன்று. புகையிலை, இரத்தக் கொழுப்பு, நீரிழிவு, இரத்த அமுக்கம், வயிற்றுப் பருமன், மனவழுத்தம், காய்கனி குறைந்த உணவு, உடலுழைப்பின்மை முதலிய ஒன்பது காரணங்களே மாரடைப்பின் ஆபத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை விளக்குகின்றன எனக் கண்டனர். அதன் தொடர்ச்சியாக 2007 இல் வெளியான கட்டுரையோ நம்மைத் திடுக்கிடச் செய்கின்றது. ஏனைய நாட்டினர்க்கு முதல் மாரடைப்பு ஏறக்குறைய 59 வயதில் வர, தென்னாசியர்க்கு 53 வயதிலேயே வருகின்றது. இந்த ஆறு ஆண்டுகள் பிள்ளைகள் கல்வி முடித்துத் தலையெடுக்கும் ஆண்டுகளல்லவா?

கல்லூரியில் மாலைதோறும் மைதானத்தில் ஓடிய நாம், உத்தியோகம் கிடைத்ததும் சாரதியின் இருக்கையில் அமர்ந்துவிட்டோம். மீண்டும் படியேறுதல் கடினமன்று. நாடோறும் அரைமணி நேரம் விரைந்து நடத்தல், சிகரட்டு, சுருட்டு, வெற்றிலையோடு மெல்லும் புகையிலை அனைத்தையும் விடுதல், சோற்றைக் குறைத்துக் கீரையும் காய்கறியும் கூட்டுதல், உப்பைச் சுருக்குதல், இரத்த அமுக்கத்தையும் சர்க்கரையையும் காலந்தோறும் சோதிப்பித்தல் என்பன எவர்க்கும் இயல்வனவே. மருந்து உட்கொள்வோர் வைத்தியரைக் கேளாது அதனை நிறுத்தலாகாது.

வட கரேலியா புகட்டும் பாடம் இன்னொன்றுண்டு. தனியொருவர் மாறுதல் அரிது. கூடியிருப்போர் மாறின் அவரும் எளிதில் மாறுவர். வடையும் றோல்சும் இனிப்புத் தேநீரும் பரிமாறும் நம் சங்கக் கூட்டங்களிலிருந்தே இம்மாற்றம் தொடங்கலாம். அடுத்த விழாவிற் பழைய மாணவர் பந்தாட்டத்தைப் பார்ப்போராக மட்டுமன்றி, மைதானத்தைச் சுற்றி நடப்போராகவும் சந்திப்போமாக.