கல்வராயன் மலையில் கோடை வேதியியல்

வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் சிக்னல் ஊருக்கு ஊர் மாறும். அதனால் கள்ளக்குறிச்சி, சங்கராபுரம் இறங்கும் நாளிலேயே பாடநூல் பிடிஎஃப், வீடியோ எல்லாவற்றையும் போனில் இறக்கிக்கொள்ளுங்கள். அரசுப் பாடநூலின் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான காணொளிகள் கிடைக்கும்.

பிளஸ் ஒன் போகிறவர்கள் முதல் அலகான வேதிக் கணக்கீட்டை விடவே கூடாது. பின்னால் வரும் கணக்குகள் பலவும் மோலில்தான் நிற்கின்றன. வீடியோவை நிறுத்திவிட்டு நோட்டில் நீங்களே போட்டுப் பாருங்கள்: 18 கிராம் நீர் 1 மோல், 90 கிராம் எத்தனை? விடை 5 வந்த பிறகே அடுத்தது.

வீட்டிலேயே ஒரு சோதனையும் செய்யலாம்: மஞ்சள்தூள் கலந்த தண்ணீரில் சோப்புக் கரைசல் விட்டால் சிவக்கும். காரத்துக்கு மஞ்சளே நிறங்காட்டி. ஆனால் பிளீச்சிங் பவுடரையும் கழிவறை ஆசிட்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சான குளோரின் வாயு கிளம்பும்.