தட்டுப் போரையும் கால்நடையையும் தீயிலிருந்து காப்பது எப்படி?

சித்திரை பிறக்கும் ஏப்ரல் 14-ஆம் தேதியன்றே தீத்தொண்டு வாரமும் தொடங்குகிறது. 1944-ஆம் ஆண்டு அதே தேதியில் பம்பாய்த் துறைமுகத்தில், பஞ்சுப் பொதிகளையும் வெடிமருந்தையும் ஒன்றாக ஏற்றி நின்ற கப்பலில் தீப்பிடித்தது. அணைக்கச் சென்ற தீயணைப்பு வீரர்கள் 66 பேர், கப்பல் வெடித்து மாண்டனர். அவர்கள் நினைவாக ஏப்ரல் 20 வரை தீயணைப்பு நிலையத்தார் பள்ளிக்கூடம், பஸ் நிலையம், சந்தை என்று சென்று துண்டுப் பிரசுரம் கொடுக்கிறார்கள். தீயை அணைக்கும் முறையையும் செய்து காட்டுகிறார்கள். ஊரை விட்டுத் தள்ளித் தோட்டத்துச் சாளையில் குடியிருப்பவர்களுக்கு இதைப் பார்க்க வாய்ப்புக் குறைவு. பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, காங்கயம், கோபி, மேட்டுப்பாளையம் முதலிய ஊர்களில் தீயணைப்பு நிலையங்கள் உள்ளன. பத்துக் குடும்பத்தார் சேர்ந்து நிலைய அலுவலரைப் பார்த்து, எங்கள் ஊருக்கும் வந்து செய்து காட்டுங்கள் என்று கேட்கலாம். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

இரண்டு ஏக்கர் மானாவாரி வைத்திருப்பவருக்குச் சோளத்தட்டுப் போர்தான் கோடைக்கு ஆதாரம். அது எரிந்தால் அடுத்த வாரமே மாட்டைச் சந்தைக்கு ஓட்ட வேண்டியதாகிவிடும். ஆகவே போர் போடும் இடத்தை முதலில் கவனியுங்கள். இரவில் தட்டு எடுக்க வசதி என்று கட்டுத்தரையை ஒட்டியே போர் போடுவது நம் பக்கத்து வழக்கம். இது தவறு. வீட்டுக்கும் போருக்கும் 60 அடியாவது இடைவெளி வேண்டும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மேற்கேயிருந்து அடிப்பதால், போர் வீட்டுக்குக் கிழக்கே இருப்பது நல்லது. இருக்கிற தட்டை ஒரே போராகப் போடாமல் இரண்டாகப் பிரித்துத் தள்ளித் தள்ளிப் போட்டால், ஒன்று போனாலும் ஒன்று மிஞ்சும். மின்கம்பிக்கு அடியில் போர் போடவே கூடாது.

யாரும் தீ வைக்காமலே போர் பற்றிக்கொள்வதும் உண்டு. ஈரம் காயாத வைக்கோலையோ கடலைக்கொடியையோ அடுக்கிவிட்டால் உள்ளே நுண்ணுயிர்கள் பெருகிச் சூடு உண்டாகிறது. அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய்ச் சில வாரங்களில் தானே கனியத் தொடங்கும். இயந்திரத்தில் இறுக்கிக் கட்டிய வைக்கோல் உருளைகளை வாங்கி அடுக்குகிறவர்கள் இதில் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். போரிலிருந்து புளித்த வாடையோ, கருகிய வாடையோ, ஆவியோ வந்தால் ஒரு கடப்பாரையை உள்ளே செலுத்திக் கால் மணி நேரம் விட்டு உருவிப் பாருங்கள். கையில் பிடிக்க முடியாத சூடு இருந்தால் ஆபத்து. அப்போது பதறிப் போய்ப் போரைப் பிரிக்காதீர்கள். காற்றுப் பட்டவுடன் குபீரென்று பற்றிக்கொள்ளும். போரின் மேல் ஏறுவதும் கூடாது. உள்ளே எரிந்து குழிந்திருந்தால் ஆள் அதற்குள் இறங்கிவிடுவார். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லி, தண்ணீரைத் தயாராக வைத்துக்கொண்டுதான் பிரிக்க வேண்டும்.

வைக்கோல் ஏற்றி வரும் லாரியும் டிராக்டரும் தாழ்ந்து தொங்கும் மின்கம்பியில் உரசித் தீப்பிடிப்பது ஆண்டுதோறும் நடக்கிறது. பாரம் வருவதற்கு முன்பே தடத்தில் நடந்து கம்பிகளைப் பார்த்துவிடுங்கள். தொய்ந்திருந்தால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து இழுத்துக் கட்டச் செய்யுங்கள். கம்பி வண்டியில் பட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு காலை வண்டியிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்து இறங்கினால் உயிர் போகும். தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டுமானால் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து எட்டக் குதிக்க வேண்டும்.

கட்டுத்தரையில் மாலையில் கொசுவுக்கு மூட்டம் போடுகிறோம். கூரைக்குத் தீ வருவது பல நேரங்களில் இதனால்தான். மூட்டத்தைத் தரையில் போடாமல் பழைய இரும்புச் சட்டியில் போட்டு, படுக்கப் போகுமுன் தண்ணீர் ஊற்றி அணைத்துவிடுங்கள். அடுப்புச் சாம்பலைச் சூடாக எருக்குழியில் கொட்டுவதும் இப்படித்தான். காலையில் கொட்டியது மத்தியானக் காற்றில் கனிந்து எழும். காட்டு வேலியோரப் புல்லுக்குத் தீ வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கிளுவை வேலி எரிந்தால் மறுபடி அடர்ந்து வரப் பல வருடம் ஆகும். புல்லை அறுத்து மாட்டுக்குப் போடுவதே லாபம்.

மாட்டைக் கட்டும் கயிற்றில், ஒரு முனையை இழுத்தால் அவிழும் முடிச்சே போடுங்கள். நைலான் கயிறு தீயில் உருகி மாட்டின் தோலில் ஒட்டிக்கொள்ளும், அது வேண்டாம். வாசற்காலில் ஓர் அரிவாள் எப்போதும் தொங்கட்டும். வெளியே விட்ட மாடு மிரண்டு மறுபடி கட்டுத்தரைக்குள்ளேயே ஓடப் பார்க்கும். ஆகவே ஓட்டி வந்து தூரத்து மரத்தில் கட்டிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். கூரை முழுவதும் பற்றிவிட்ட பிறகு உள்ளே நுழையாதீர்கள். மாட்டுக்காகப் போய் ஆளையும் இழந்த குடும்பங்கள் உண்டு.

தண்ணீருக்குக் கிணறு இருக்கிறதே என்று நினைக்கலாம். தீப்பிடித்தபோது மும்முனை மின்சாரம் இருக்குமா என்பது நிச்சயமில்லை. இருந்தாலும் கம்பி எரியும் இடத்தில் மின்சாரத்தை நிறுத்தியாக வேண்டும். தீயணைப்பு வண்டி சுமார் 4,500 லிட்டர் கொண்டு வரும். முழு விசையில் அடித்தால் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். வண்டியின் பம்பு தண்ணீரை உறிஞ்சி எடுக்கக்கூடிய ஆழம் ஏறக்குறைய 7 மீட்டர்தான். நம்முடைய 80 அடி, 100 அடிக் கிணறுகளில் அது எட்டவே எட்டாது. ஆனால் தரைமட்டத் தொட்டியிலிருந்து தாராளமாக எடுக்கலாம். பாசனத் தொட்டியைக் கோடையில் காலியாகப் போட்டு வைக்காமல் நிரப்பி வைப்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

வண்டி வருவதற்குத் தடமும் வேண்டும். இருபக்கமும் வேலி நெருங்கிய இட்டேரியில் அந்த வண்டி நுழையாது. 12 அடி அகலத்துக்கு வேலியைக் கழித்து வையுங்கள். 101-க்கு அல்லது 112-க்குப் பேசும்போது, "தோட்டம் எரிகிறது" என்று கத்திவிட்டுப் போனை வைத்துவிடாமல், ஊர், தாலுகா, பக்கத்துப் பஸ் நிறுத்தம், எரிவது வீடா போரா, உள்ளே ஆளோ மாடோ இருக்கிறதா என்பதைச் சொல்லுங்கள். ஓர் ஆளை மெயின் ரோட்டில் நிறுத்துங்கள். வண்டி வந்தால் பணம் கட்ட வேண்டுமோ என்று அஞ்சித் தாமதிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தீயணைக்க வருவதற்குக் கட்டணம் கிடையாது.

துணியில் தீப்பிடித்தால் ஓடாமல் தரையில் படுத்து உருள வேண்டும். மேலே போட நனைத்த சணல் சாக்கு நல்லது. உரம் வரும் பிளாஸ்டிக் சாக்கு உருகிப் புண்ணை ஆழமாக்கும். வெந்த இடத்தில் 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, சுத்தமான துணியால் மூடி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். பேனா மை, பற்பசை, மாவு எதுவும் தடவ வேண்டாம்.

கிணற்றில் மாடு விழுந்தாலும் இதே நம்பர்தான். அதைவிட முக்கியம், கிணற்றுக்குள் ஆயில் எஞ்சினை இறக்கி ஓட்டுவது. அதன் புகை உள்ளேயே தங்கும். அதில் உள்ள நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. இறங்கியவர் மயங்கி விழுந்தால், தூக்கப் போகிறேன் என்று அடுத்தவர் இறங்கி அவரும் விழுவார். மேலே நின்று 101-க்குப் பேசுங்கள். மூச்சுக் கருவி கட்டிய வீரர் இறங்கட்டும்.

தீ அணைந்த அன்றே கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரிவித்து, சேதத்தை நேரில் பார்க்கச் சொல்லுங்கள். இன்சூரன்ஸ் செய்த மாடு இறந்திருந்தால், கால்நடை மருத்துவர் பிரேதப் பரிசோதனை செய்து சான்று தரும் வரை புதைக்கக் கூடாது. காதிலுள்ள தோட்டைத் தொலைக்காமல் எடுத்து வையுங்கள். அது இல்லாவிட்டால் பணம் கிடைப்பது கஷ்டம்.