பெருங்கணிப்பொறியும் அதைக் கற்பிக்கும் கூட்டு முயற்சியும்

வங்கிக் கணக்கில் பணம் வரவு வைக்கப்படும்போதும், காப்பீட்டுத் தவணை பதிவாகும்போதும், விமானத்தில் ஓர் இருக்கை ஒதுக்கப்படும்போதும், உலகின் பல பெரிய நிறுவனங்களில் அக்கணக்கை எழுதுவது நம் மேசை மேல் இருக்கும் சிறிய கணிப்பொறி அன்று. குளிரூட்டப்பட்ட தனி அறையில் அலமாரி போல் நின்று, ஆயிரக்கணக்கானோரின் கோரிக்கைகளை ஒரே நேரத்தில் ஏற்று, ஒன்றையும் தவறவிடாமல் முடித்துக் கொடுக்கும் பெருங்கணிப்பொறியே அதனைச் செய்கிறது. மெயின்பிரேம் என்பது அதன் ஆங்கிலப் பெயர். இதனைக் காட்சிச்சாலைப் பொருள் என்று எண்ணுவோர் உளர். ஆனால் ஐ.பி.எம். நிறுவனம் 2025-ஆம் ஆண்டில்கூட இசட் 17 என்னும் புதிய வகையை அறிவித்தது. இயந்திரம் புதிது, அதனுள் ஓடும் நிரல்களில் பல மிகப் பழையவை. அவற்றைப் படித்தறிந்து பேணியவர்கள் ஓய்வு பெற்று வருகின்றனர். அவர்களது இடத்திற்கு இளைஞர்களை ஆயத்தம் செய்யத் தம்முள் போட்டியிடும் நிறுவனங்களும் கல்லூரிகளும் கைகோத்திருப்பதைப் பற்றியே இப்பாடம்.

பழைய நிரல்கள் இன்னும் எவ்வாறு ஓடுகின்றன என்பதை முதலில் அறிதல் நலம். 1964 ஏப்ரல் 7-ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனம் சிஸ்டம்/360 என்னும் கணிப்பொறிக் குடும்பத்தை அறிவித்தது. அதற்கு முன்பெல்லாம் பெரிய இயந்திரம் ஒன்றை வாங்கினால், சிறிய இயந்திரத்திற்காக எழுதிய நிரல்களை மீண்டும் எழுத வேண்டியிருந்தது. ஒரே குடும்பத்தில் பிறந்த சிறியதும் பெரியதும் ஒரே கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் என்பதே 360-இன் புதுமை. அடுத்தடுத்து வந்த தலைமுறைகளிலும் அவ்வாக்குறுதி பெரும்பாலும் காக்கப்பட்டது. ஆகவே எழுபதுகளில் எழுதப்பட்ட சம்பளப் பட்டியல் நிரலை ஒருவரும் தொடாமலே பேரப்பிள்ளைகள் காலம்வரை ஓட்ட முடிந்தது. ஒருவரும் தொடவில்லை என்பதனால் ஒருவரும் படிக்கவும் இல்லை. தொல்லை அங்கே பிறந்தது.

இந்நிரல்களில் பெரும்பகுதி கோபால் மொழியில் அமைந்தவை. நம் வீட்டுப் பிள்ளை ஒருவனின் பெயர் போல் ஒலித்தாலும், வணிகத்திற்கான பொது மொழி என்னும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே அது. 1959-இல் ஒரு குழு கூடி, 1960-இல் அதன் முதல் இலக்கணத்தை வெளியிட்டது. அம்மொழிக்கு அடிப்படையாக நின்ற புளோ-மேட்டிக் என்னும் மொழியை உருவாக்கியவர் கிரேஸ் ஹாப்பர் அம்மையார். இவர் கடற்படையில் சேருமுன் நியூயார்க் மாநிலத்துப் பொக்கிப்சி நகரில் வாசர் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீளக் கம்பித் துண்டுகளை நறுக்கி வைத்துக்கொண்டு, ஒரு விநாடியை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு நேரத்தில் ஒளி செல்லும் தொலைவு இவ்வளவே என்று கேட்போர் கையில் கொடுப்பாராம். செயற்கைக்கோள் வழிச் செய்தி ஏன் தாமதிக்கிறது என்று வினவிய கடற்படைத் தளபதிகளுக்கும் அக்கம்பியே விடை சொல்லிற்று. கற்பித்தல் துணைக்கருவி என்று ஆசிரியப் பயிற்சியில் பக்கம் பக்கமாக எழுத வைக்கிறோமே, அதற்கு இதனினும் நல்ல சான்று நான் அறியேன்.

கோபால் நிரலின் ஒரு வரியை உற்று நோக்குவோம். அதன் பழைய அமைப்பில் ஒரு வரிக்கு 80 எழுத்திடங்கள் உண்டு. முதல் ஆறும் வரிசை எண்ணுக்கு உரியவை. ஏழாம் இடத்தில் ஓர் உடுக்குறி இட்டால் அவ்வரி மனிதர் படிப்பதற்கான குறிப்பு மட்டுமே. இயந்திரம் அதனைக் கடந்து போய்விடும். எட்டு முதல் பதினொன்று வரை தலைப்புகளுக்கு. பன்னிரண்டு முதல் எழுபத்திரண்டு வரை கட்டளைகளுக்கு. எஞ்சிய எட்டு இடங்கள் அடையாளத்திற்கு. ஏன் 80? ஐ.பி.எம். நிறுவனம் 1928-இல் கொண்டுவந்த துளை அட்டையில் 80 பத்திகள் இருந்தன. அட்டை மறைந்து பல்லாண்டு ஆகியும் அதன் அளவு மறையவில்லை. இன்று ஓர் இளைஞர் கட்டளையை ஏழாம் இடத்தில் தொடங்கிவிட்டு ஏன் பிழை வருகிறது என்று விழிக்கிறார் என்றால், காரணத்தைச் சொல்ல வரலாறு அறிந்த ஒருவர் அருகில் வேண்டும்.

இம்மொழியை அப்படியே தூக்கி எறிந்துவிடலாகாதா என்று சிலர் கேட்பர். பணக் கணக்கு தடுக்கிறது. பத்துப் பைசா, அதாவது 0.10 ரூபாய் என்பதை இரண்டின் அடுக்குகளில் துல்லியமாக எழுத இயலாது. எங்காவது மிகச் சிறு பின்னம் நழுவும். கோபால் நாம் பள்ளியில் கற்ற பதின்மக் கணக்கையே செய்கிறது. கோடிக்கணக்கான கணக்குகளில் இரவு முழுதும் வட்டி போடும் வங்கிக்கு அது சிறிய செய்தி அன்று. மேலும், அந்நிறுவனத்தின் விதிகள் அனைத்தும் அந்நிரலுக்குள்ளேயே இருக்கின்றன. பல இடங்களில் வேறெங்கும் எழுதி வைக்கப்படவில்லை.

கற்போர் ஏன் குறைந்தனர்? முன்னாளில் வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் புதிதாகச் சேர்ந்தோரைத் தாமே பயிற்றின. சிறு கணிப்பொறிகள் பரவியபின் அப்பயிற்சிச் செலவு வீண் என்று கருதப்பட்டது. கல்லூரிகளும் பாடத்தைக் கைவிட்டன. ஸ்டூவர்ட் ஆல்சாப் என்னும் அமெரிக்க இதழாளர், கடைசிப் பெருங்கணிப்பொறி 1996 மார்ச் 15-ஆம் நாள் நிறுத்தப்படும் என்று 1991-இல் எழுதினார். அந்நாள் வந்து போயிற்று, இயந்திரம் நிற்கவில்லை. 1973-லேயே ஐ.பி.எம். 370/155 வகை இயந்திரம் சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்திருந்ததால் நம்மவருக்கும் இத்துறை அயலன்று. ஆண்டை இரண்டு இலக்கங்களில் எழுதியதனால் 2000-ஆம் ஆண்டில் விளையவிருந்த குழப்பத்தைத் திருத்தத் தொண்ணூறுகளில் சென்னையில் எத்தனையோ இளைஞர்கள் கோபால் கற்றனர்.

தட்டுப்பாடு வெளிப்படையாகப் பேசப்பட்டது 2020 ஏப்ரலில். பெருந்தொற்றினால் வேலை இழந்த அமெரிக்கர் அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே வாரத்தில் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தனர். நியூ ஜெர்சி மாநில ஆளுநர் பில் மர்பி, கோபால் அறிந்த தொண்டர்கள் தேவை என்று செய்தியாளர் கூட்டத்திலேயே வேண்டினார். பழி முழுவதும் பழைய மொழியின் மேல் விழுந்தது. விண்ணப்பம் ஏற்கும் முகப்பில் ஜாவா மொழியில் இருந்த புதிய பகுதியே தடுமாறியது என்று கணிப்பொறி வரலாற்றாசிரியர் மார் ஹிக்ஸ் பின்னர் எடுத்துக்காட்டினார். ஆயினும் விதிகளை மாற்ற ஆளில்லை என்ற குறை மெய்யே. அம்மாதமே ஐ.பி.எம். நிறுவனமும் ஓப்பன் மெயின்பிரேம் திட்டமும் சேர்ந்து, எவரும் கட்டணமின்றிப் படிக்கவும் திருத்தவும் கூடிய கோபால் பாடநூலை வெளியிட்டன.

இந்த ஓப்பன் மெயின்பிரேம் திட்டம் 2015-இல் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ்த் தொடங்கியது. அதன் குடையின் கீழ் 2018-இல் ஐ.பி.எம்., சி.ஏ. டெக்னாலஜீஸ், ராக்கெட் சாப்ட்வேர் ஆகிய மூன்றும் தத்தம் நிரல்களைப் பொதுவில் வைத்து சோவே என்னும் கருவித் தொகுதியை உருவாக்கின. கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகளைக் கண்டு அஞ்சும் மாணவர், தாம் பழகிய எழுதுகருவியிலிருந்தே பெருங்கணிப்பொறியோடு பேச இது வழி செய்கிறது. கடைவீதியில் எதிரெதிரே கடை வைத்திருப்போர் கூடிப் பள்ளிக்கூடம் கட்டுவது போன்றது இது. மாணவர் இல்லையேல் நாளைக்கு வாங்குவோரும் இலர் என்பதை மூவரும் உணர்ந்தனர். ஈகை என்று இதனைப் புகழ வேண்டா; தன்னலமும் பொதுநலமும் ஒரே திசையில் நடக்கும் அரிய இடங்களில் ஒன்று, அவ்வளவே.

கல்லூரிகளோடு கூடிய முயற்சி இதற்கும் முந்தியது. ஹாப்பர் அம்மையார் கற்பித்த அதே பொக்கிப்சி நகரில்தான் ஐ.பி.எம். தொழிலகமும் மாரிஸ்ட் கல்லூரியும் உள்ளன. இன்று அது பல்கலைக்கழகம். அக்கல்லூரியிலுள்ள பெருங்கணிப்பொறியைத் தொலைவிலுள்ள பிற கல்லூரி மாணவரும் பயன்படுத்தினர். 2005-இல் மாஸ்டர் தி மெயின்பிரேம் என்னும் போட்டியை ஐ.பி.எம். தொடங்கியது. எளிய படியிலிருந்து கடிய படிக்கு ஏற்றிச் செல்லும் அப்போட்டி, பின்னர் இசட் எக்ஸ்ப்ளோர் என்னும் பெயரில் ஆண்டு முழுவதும் கற்கும் முறையாக மாறியது. படிப்படியாக ஏற்றுவது நல்ல ஆசிரிய முறையே. எனினும் அங்கே மாணவர் காண்பது பெருக்கித் துடைத்த வகுப்பறை. உண்மை அலுவலகத்தில் காத்திருப்பதோ, எழுதியவர் பெயரும் தெரியாத, ஏழாம் இடத்தில் உடுக்குறியே காணாத பல்லாயிரம் வரிகள்.

ஆதலால் எனக்கு அதிக நம்பிக்கை தருவன பணியிடத்திலேயே கற்பிக்கும் திட்டங்கள். 2017-இல் ஐ.பி.எம். தொடங்கிய தொழில் பழகுநர் திட்டத்தில், நான்காண்டுப் பட்டம் இல்லாதோரும் ஊதியம் பெற்றுக்கொண்டே பெருங்கணிப்பொறிப் பராமரிப்பைப் பயில இடமுண்டு. 2018-இல் சி.ஏ. நிறுவனத்தை வாங்கிய பிராட்காம், வைட்டாலிட்டி என்னும் திட்டத்தில் புதியவர்களைத் தானே வேலைக்கு எடுத்துப் பயிற்றி, வாடிக்கையாளர் அலுவலகத்தில் அமர்த்திப் பழக்குகிறது. பின்னர் அவ்வாடிக்கையாளரே அவர்களைப் பணியில் சேர்த்துக்கொள்ளலாம். இவற்றின் வலிமை, கற்பவர் அருகில் மூத்தவர் ஒருவர் அமர்வதே. அந்த மூத்தவருக்குக் கற்பிக்க எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பது பெருங்குறை. நாற்பதாண்டு அனுபவம் உடையவர், தமக்குத் தெரிந்தது பிறர்க்கும் தெரியும் என்று எண்ணிப் பாதியை விழுங்கிவிடுவார். அவருக்கு ஒரு மாதமேனும் ஆசிரியப் பயிற்சி அளித்து, நாளில் இரண்டு மணி நேரத்தைக் கற்பிப்பதற்கென்றே ஒதுக்கினால், ஓய்வு நாளுக்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடும்.

நம் பிள்ளைகளில் எவரேனும் இத்துறையை எண்ணினால், விலை உயர்ந்த இயந்திரம் வேண்டுமோ என்று பெற்றோர் தயங்க வேண்டியதில்லை. வீட்டிலுள்ள கணிப்பொறியும் இணைய இணைப்பும் போதும். பயிற்சி வேலை தொலைவிலுள்ள பெருங்கணிப்பொறியில் நடைபெறும். கோபால் கட்டளைகள் ஏறத்தாழ ஆங்கில வாக்கியங்களே. கூட்டு, பெருக்கு, நகர்த்து என்னும் பொருளுள்ள வினைச்சொற்களால் ஆனவை. நடுத்தர ஆங்கில அறிவுடையோர் முதல் நாளிலேயே ஒரு சிறு நிரலைப் படித்துப் பொருள் சொல்வர். தொடங்கும்போது ஒரு கோட்டுத் தாளில் 80 கட்டங்கள் வரைந்து, ஒரு வரியைக் கையால் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.